அப்பாவுக்கு, மியூனிக்கிலிருந்து

மியூனிக்
19.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போனில் வாராவாரம் பேசினாலும் முக்கியமான விஷயம் என்றால் நீங்கள் எழுதித்தான் அனுப்புவீர்கள். அதனால் உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது. பிரித்துப் படித்தபோது அழுதுவிட்டேன்.

கரூரில் அந்தச் சனிக்கிழமை விஜய் கூட்டத்து நெரிசலில் நடந்ததை நாங்களும் இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தோம். செத்தது 41 பேர், அதில் குழந்தைகளும். குளித்தலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் ஊர். பெயர்கள் வர வர, தெரிந்தவர்கள் யாராவது இருந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். மேட்டுத்தெரு அக்காவின் மருமகள் கைக்குழந்தையோடு போயிருந்தாள், குழந்தை வெயிலும் தாகமும் தாங்காமல் அழுததால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை இவரிடம் வாய்விட்டுப் படித்தேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை.

அதற்குக் கீழேயே என்னையும் கேட்டிருக்கிறீர்கள். "அங்கேயும் லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிறதாம், குண்டு மிரட்டல் என்று டிவியில் சொன்னான், அந்த இடத்துக்குப் பாப்பாவை ஏன் கூட்டிக்கொண்டு போனாய்?" என்று. கோபமாகக் கேட்கவில்லை, பயத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட இந்த ஊர்த் திருவிழாவுக்கு அக்டோபர்ஃபெஸ்ட் என்று பேர் இருந்தாலும் பாதிக்கு மேல் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். இந்த வருஷம் செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 5 வரை. தெரேசியன்வீசே என்று ஊருக்கு நடுவில் ஒரு பெரிய மைதானம். பெரியவர்களுக்கு பீர்க் கூடாரங்கள், குழந்தைகளுக்கு ராட்டினமும் சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாமும். நீங்கள் டிவியில் பார்த்தது நிஜம்தான். கரூரில் அது நடந்த அதே சனிக்கிழமை இங்கேயும் கூட்டம் மிஞ்சிப்போய்க் கொஞ்ச நேரம் யாரையும் உள்ளே விடாமல் மூடினார்கள். அடுத்த புதன்கிழமை, அக்டோபர் 1, குண்டு மிரட்டலால் சாயங்காலம் ஐந்தரை மணி வரை திறக்கவே இல்லை. நாங்கள் போனது அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் குடும்பங்களுக்கான நாள். ராட்டினங்களில் விலை குறைவு, பகலில் கூட்டமும் சனி ஞாயிறு மாதிரி இருக்காது.

கரூர்ச் செய்தி கேட்டபிறகு வேண்டாம் என்றுதான் சொன்னேன் அப்பா. பாப்பா அழுதிருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு இருந்திருப்பேன். அவள் அழவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படம் வரைய உட்கார்ந்துவிட்டாள். அவள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் போய்வந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள், இவளுக்கு மட்டும் சொல்ல ஒன்றும் இல்லை. அதையும் யோசித்தேன். இன்னொன்றும் தோன்றியது. கூட்டத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொள்ளாவிட்டால், ஒருநாள் நான் இல்லாதபோது தனியாகப் போய் மாட்டிக்கொள்வாள்.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலி பாட்டிலைத் தொட்டியில் போட்டால் ஜன்னலைத் திறந்து கண்டிப்பாரே, அவர்தான். மாவு அரைக்கும் நேரத்தைக்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். திங்கட்கிழமை அவரே மாடியேறி வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு விசில். "கூட்டத்தில் அம்மாவைக் காணோம் என்றால் மட்டும் ஊது" என்று பாப்பாவிடம் கொடுத்தார். பிறகு என்னிடம் ரொம்ப நேரம் பேசினார். 1980 செப்டம்பர் 26 ராத்திரி பத்தே கால் மணி வாக்கில் அந்தத் திருவிழாவின் முக்கிய வாசலில் குண்டு வெடித்திருக்கிறது. வைத்தவனையும் சேர்த்து 13 பேர் செத்தார்கள், இருநூறு பேருக்கு மேல் காயம். அதிலும் குழந்தைகள் உண்டு. பாட்டி அன்று தங்கை மகனோடு அங்கே இருந்திருக்கிறார். பையன் தூக்கம் வருகிறது, போதும் என்று சிணுங்கியதால் சீக்கிரமே அதே வாசல் வழியாகக் கிளம்பி வந்துவிட்டாராம். இன்றைக்கும் அந்த வாசலில் இருக்கும் நினைவுச் சின்னத்துக்கு வருஷா வருஷம் பூ கொண்டுபோகிறார். "போகாதே என்று சொல்ல வரவில்லை. குழந்தை போதும் என்றால் உடனே திரும்பு" என்றார். உங்கள் கடிதத்தில் மேட்டுத்தெரு மருமகள் கதையைப் படித்தபோது எனக்குப் பாட்டி சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

அதனால் போனோம். அம்மா தைத்து அனுப்பிய அரக்குப் பாவாடையைக் கட்டிவிட்டேன். இங்கே பிள்ளைகள் அன்றைக்கென்று ஒரு உடுப்புப் போடுவார்கள். ஆனால் அதில் எல்லாரும் ஒரே மாதிரி தெரிவார்கள், அரக்குப் பாவாடை என்றால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். கிளம்பும் முன் வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். தொலைந்துவிட்டால் என்ன உடை என்று பதற்றத்தில் வாய் குளறும், போட்டோ இருந்தால் காட்டிவிடலாம். எங்கள் ரெண்டு போன் நம்பரையும் முழங்கைக்கு உள்பக்கம் பேனாவால் எழுதினேன். பேரை எழுதவில்லை. பேரைப் படித்துவிட்டு யாரும் தெரிந்தவர் மாதிரிக் கூப்பிடலாம் இல்லையா. விசிலைக் கழுத்தில் போடாமல் கோட்டுப் பொத்தானில் கட்டினேன், ராட்டினத்தில் கயிறு சிக்கினால் ஆபத்து. திருவண்ணாமலையில் தீபத்துக்கு வரும் பிள்ளைகள் கையில் போலீஸ்காரர்கள் போன் நம்பர் எழுதிப் பட்டை கட்டிவிடுவார்களே, அதேதான்.

பாப்பாவுக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிவைத்தேன். "அம்மா கண்ணில் படவில்லை என்றால் தொலைந்தது அம்மாதான். நான் தேடிக்கொண்டு வருவேன். நீ நின்ற இடத்தைவிட்டு நகராதே. யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சீருடைக்காரரிடம் பேசு, இல்லாவிட்டால் குழந்தையோடு நிற்கும் ஒரு அம்மாவிடம் பேசு." இதை நாலு தடவை அவள் வாயாலேயே சொல்லவைத்தேன்.

அங்கே பிள்ளைகள் விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள் அப்பா. சனிக்கிழமைகளில் தள்ளுவண்டியை உள்ளே விடுவதே இல்லை, மற்ற நாட்களிலும் சாயங்காலம் ஆறு மணி வரைதான். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இரவு எட்டு மணிக்கு மேல் பீர்க் கூடாரத்தில் இருக்கக் கூடாது, அப்பா அம்மா கூடவே இருந்தாலும் சரி. பெரிய பைகளுக்கும் தடை. சுற்றிலும் வேலி, வாசலுக்கு வாசல் சோதனை. தொலைந்த பிள்ளைகளை வைத்திருக்கத் தனி இடமும் உண்டு, உள்ளே போனதும் முதல் வேலையாக அதைப் பாப்பாவிடம் காட்டினோம்.

அதையும் மீறி ஒரு பையன் தொலைந்து நின்றான். ராட்டினத்துப் பக்கம், ஐந்து வயது இருக்கும், எங்களுக்குத் தெரியாத ஏதோ பாஷையில் அழுதான். அவனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று இவர் கேட்டார். வேண்டாம், தாய் இங்கேதான் தேடி வருவாள் என்று சொல்லி நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "நீலத் தொப்பி, சிவப்புச் சட்டை, சின்னப் பையன்!" என்று இவர் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார், பக்கத்தில் இருந்தவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். சட்டென்று கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். பிள்ளையைத் தூக்கியவள் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. பாப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவங்க அம்மாதான் தொலைஞ்சு போயிட்டாங்க" என்றாள்.

அதன் பிறகு ஒரு ராட்டினம்தான் ஏறினாள். "போதும்மா" என்றாள். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டோம். திருவிழா வாசலுக்கு நேராக இருக்கும் ரயில் நிலையத்துக்குப் போகவில்லை, அங்கேதான் எல்லாரும் முண்டுவார்கள். கொஞ்சம் தள்ளி நடந்து அடுத்த நிலையத்தில் ஏறினோம்.

இவர் இதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறார். இதே ஜெர்மனியில் டூயிஸ்பர்க் என்ற ஊரில் 2010 ஜூலை 24 அன்று ஒரு பாட்டுத் திருவிழாவில் 21 பேர் நெரிசலில் செத்தார்கள். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே சுரங்கவழி, ஒரே சரிவுப் பாதை. பத்து வருஷம் கழித்து வழக்குத் தீர்ப்பே இல்லாமல் முடிந்தது. பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லையாம் அப்பா. ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நிற்கும்போது நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு முட்டிப் போய்விடுகிறார்கள். அதற்குமேல் யாரும் தன் காலால் நடக்க முடியாது, காவிரியில் வெள்ளம் இழுக்கிற மாதிரி கூட்டமே இழுத்துக்கொண்டு போகும். முன்னால் என்ன நடக்கிறது என்று பின்னால் தள்ளுகிறவனுக்குத் தெரியாது. பெரியவர்கள் இடுப்பு உயரத்தில் இருக்கிற பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. தைப்பூசத்துக்குக் கடம்பன்துறையில் எட்டு ஊர்ச் சாமியும் வந்து நிற்கும்போது உங்கள் துண்டின் ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை உங்கள் கையில் சுற்றிக்கொள்வீர்கள். நடுவில் போகாமல் மணலின் ஓரத்திலேயே நிறுத்தி, தோளில் தூக்கிக் காட்டுவீர்கள். தீவட்டி எண்ணெய் வாசனை, உங்கள் தலைமுடி வாசனை, ஆற்று மணலின் ஈரம். இங்கே ராட்டினத்தடியில் நின்றபோது திடீரென்று அதெல்லாம் வந்துவிட்டது அப்பா. பாப்பாவுக்குத் தூக்கிக் காட்ட ஒரு தாத்தா தோள் இல்லையே என்று நினைத்தேன். நாளைக்குத் தீபாவளி. இங்கே லீவு இல்லை, பாப்பா ஸ்கூலுக்குப் போக வேண்டும். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்புவேன். குளிர் வந்துவிட்டது, ஆனாலும் வெந்நீர் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். டிசம்பர் 30 வைகுண்ட ஏகாதசிக்குத் தம்பி பிள்ளைகள் ரெண்டையும் விடிகாலையில் ஸ்ரீரங்கம் கூட்டிப்போகப் போவதாக அம்மா சொன்னாள். சொர்க்கவாசல் திறக்கிற நேரத்துக்கு வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டான். இந்த ஜனவரியில் திருப்பதியில் டோக்கன் வாங்க நின்ற கூட்டத்திலேயே ஆறு பேர் செத்தார்கள். ஏகாதசியிலிருந்து பத்து நாள் நடக்கும் இராப்பத்திலும் அந்த வாசலைத் திறக்கிறார்கள், ரெண்டு மூன்று நாள் கழித்து ஒரு பகலில் போகட்டும். பெருமாள் அங்கேதான் இருப்பார். சின்னவள் தண்ணீர் கேட்டாலோ தூங்கினாலோ தரிசனம் ஆகாவிட்டாலும் பரவாயில்லை, திரும்பிவிடச் சொல்லுங்கள்.

இவருக்கு ஆபீசில் வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அப்படித்தான், தற்காலிகம். பாப்பாவை ஸ்கூலிலிருந்து கூட்டிவர ஆள் இருப்பது எனக்கு உதவியாக இருக்கிறது. பொங்கலுக்கு வருவது கஷ்டம், நடுவில் லீவு தர மாட்டார்கள், கோடை விடுமுறையில் பார்க்கலாம். உங்கள் கண் ஆபரேஷனை எனக்காகத் தள்ளிப்போடாதீர்கள். டாக்டர் சொன்ன தேதியிலேயே செய்துகொள்ளுங்கள். அதற்கான பணம் நவம்பர் நடுவில் வந்துவிடும். அதுவரை குளித்தலை மாமாவிடம் கேட்க வேண்டாம்.

பெரியப்பா நிலத்து விஷயம். என் பங்குக்குத் தம்பி பெயரில் பவர் எழுதிக்கொடுக்க எனக்குச் சம்மதம். இங்கேயே இந்தியத் தூதரக அலுவலகம் இருக்கிறது, அங்கே கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி அனுப்புகிறேன். உங்கள் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டுமாம், தம்பியிடம் சொல்லிவையுங்கள். சர்வே எண்ணில் உட்பிரிவு சரியாக இருக்கிறதா என்று எழுத்தரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, பட்டா நகலை மட்டும் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போன தடவை அனுப்பியதில் கடைசி வரி தெரியவில்லை.

அம்மாவுக்கு என் அன்பு. மேட்டுத்தெரு அக்காவையும் மருமகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்