மாவட்ட நீதிமன்றங்களிலும் மூத்த வழக்கறிஞர்கள் உண்டு

ஆசிரியருக்கு,

சிறந்த வழக்கறிஞர்களுக்கு உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் வழங்கும் 'மூத்த வழக்கறிஞர்' தகுதி பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். அதற்குரியவர்களைத் தேர்ந்தெடுக்க 2017-இல் உச்ச நீதிமன்றம் கொண்டுவந்த மதிப்பெண் முறையை, 2025 மே மாதத் தீர்ப்பில் அதுவே கைவிட்டது சரியான முடிவு. 2023-இல் திருத்தப்பட்ட அந்த முறையில், 100 மதிப்பெண்ணில் 50 வாதாடிப் பெற்ற தீர்ப்புகள் முதலியவற்றுக்கு இருந்தது. முன்சீப் கோர்ட்டிலும் சார்பு நீதிமன்றத்திலும் சாட்சிகளை விசாரித்தே ஆயுளைக் கழித்தவர் எதைக் காட்டுவார்? அவருடைய உழைப்பு சட்ட இதழ்களில் அச்சேறுவதில்லையே. எங்கள் குடும்பத்தின் வரப்புத் தகராறில் ஆஜரானவர் அப்படிப்பட்ட ஒரு பெரியவர். எப்.எம்.பி. எனப்படும் நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த எல்லைக் கல்லிலிருந்து அளவுச் சங்கிலி பிடித்தீர்கள்?" என்று சர்வேயரிடம் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் வழக்கே திரும்பிவிட்டது. கடைசிவரை அவர் சாதாரண வழக்கறிஞராகவே இருந்தார். இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

விசாரணை நீதிமன்றங்களில் தொழில் செய்பவர்களையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் தகுதி வழங்குவது உயர் நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் கூடும் முழு அமர்வு. மாவட்டத்தில் வாதாடுபவரை அவர்களில் எத்தனை பேர் நேரில் கேட்டிருப்பார்கள்? எனவே ஒவ்வொரு மாவட்ட முதன்மை நீதிபதியிடமிருந்தும் ஆண்டுதோறும் எழுத்துப்பூர்வமாகக் கருத்து பெறுவதை உயர் நீதிமன்றம் விதியாகவே சேர்க்க வேண்டும். விண்ணப்பதாரர் நடத்திய குறுக்கு விசாரணைப் பதிவுகளையும் தீர்ப்புகளுக்கு இணையாகப் பரிசீலிக்கலாம்.

ஒரு வாசகர், திருநெல்வேலி