பாராட்டுப் பட்டியலை நோயாளிகளும் எழுதட்டும்: சுகாதாரத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் பணியமைப்புப் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். நோயாளிக்கு ஊசி போட்டதில்லை. போட்டவர்களுக்கு இன்கிரிமென்ட் போட்டிருக்கிறேன். அந்த மேஜையிலிருந்து பார்த்ததை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முன்னால் எங்கள் பிரிவுக்கு ஒரு சுற்றறிக்கை வரும். சிறப்பாகப் பணியாற்றியவர்களின் பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டும், கெடு நாளை மாலை 5 மணி. டீன் ரவுண்ட்ஸில் இருப்பார். ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) கோர்ட்டுக்குப் போயிருப்பார். துறைத் தலைவர்களுக்கு போன் போட்டால், "போன தடவை யாருக்கும்மா கொடுத்தோம்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். போன தடவை விட்டுப்போனவர் யார், அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறவர் யார், எந்தச் சங்கத்துக்கு மனவருத்தம் என்று பார்த்துப் பார்த்து இரவு 8 மணிக்குள் பட்டியல் தயாராகிவிடும். ஆபீஸ் வராந்தாவில் அடிக்கடி தென்படுகிற முகங்களுக்கு அதில் இடம் கிடைப்பது சுலபம். நள்ளிரவில் பிளட் பேங்கில் உட்கார்ந்து, ஏற்றப்போகும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று கிராஸ் மேட்ச் பார்த்த டெக்னீசியன் ஆபீஸ் நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் முகமே எங்களுக்குத் தெரியாது.

பட்டியலில் வந்தவர்கள் தகுதியில்லாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. பலர் தங்கமானவர்கள். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் அவர்கள் பார்த்த வேலைக்குப் பங்கே இல்லை. அது அவர்களுக்கும் தெரியும். "என் டர்ன் வந்திருச்சு மேடம்" என்று சிரித்துக்கொண்டே சான்றிதழை வாங்கிப் பையில் வைப்பார்கள்.

இதே துறையில் தண்டிப்பதற்கு எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் சிறு தண்டனைக்கு 17(அ), பெருந்தண்டனைக்கு 17(ஆ). குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை அதிகாரி, அறிக்கை, இறுதி ஆணை, அதற்கு மேல் மேல்முறையீடு. என்ன செய்தார், எந்தத் தேதியில் செய்தார், சாட்சி யார் என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்கும். முடிவு பணிப்பதிவேட்டில் ஏறும். 17(ஆ) நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நின்றுபோகும். ஒருவர் தப்பு செய்தால் இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்த நமக்கு, நல்லது செய்தவரைப் பற்றி எழுத மட்டும் "சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற இரண்டு வார்த்தைதான் கிடைக்கிறது. என்ன செய்தார், எந்த வார்டில், யாருக்கு? சான்றிதழில் அது இருக்காது, கோப்பில் தேடினாலும் கிடைக்காது.

ஆகவே முதலில் கேட்பது காகித வேலை சம்பந்தப்பட்டதுதான். பாராட்டு என்பது பெயர் மட்டும் நிரப்பிய அச்சடித்த சான்றிதழாக இருக்க வேண்டாம். செய்த வேலையை நாலு வரியில் விவரிக்கும் ஒரு செயல்முறை ஆணையாக அது வரட்டும், பணிப்பதிவேட்டிலும் ஏறட்டும். இதற்கு நிதித்துறை ஒப்புதல்கூட வேண்டியிருக்காது.

அடுத்தது, யார் சொல்லி அந்தப் பெயர் வருகிறது என்பது. எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ கீழ்ப்பாக்கம் கே.எம்.சி.யிலோ திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலோ வாசலில் நின்று, டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். யார் நல்லபடியாகப் பார்த்தார்கள் என்றால் உடனே பதில் வரும். "கண்ணாடி போட்ட சிஸ்டர்", "ராத்திரி வந்த சின்ன டாக்டரம்மா", "ஸ்கேனுக்குத் தள்ளிக்கிட்டுப் போன அண்ணன்". பெயர் தெரிந்திருக்காது. அது ஒரு பிரச்சினையே இல்லை. வார்டும் தேதியும் ஷிஃப்டும் தெரிந்தால் போதும், டியூட்டி ரோஸ்டரைப் புரட்டி ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். புகார் வரும்போது அப்படித்தானே கண்டுபிடிக்கிறோம்?

குறை சொல்ல 104 என்ற சுகாதார உதவி எண் இருக்கிறது, முதல்வரின் முகவரிக்கு 1100 இருக்கிறது, ஒவ்வொரு பிளாக்கிலும் பூட்டுப் போட்ட பெட்டி இருக்கிறது. நன்றி சொல்ல என்ன இருக்கிறது? அந்த இடம் காலியாக இருப்பதால்தான் பல குடும்பங்கள் கிளம்பும்போது ஐம்பதோ நூறோ கையில் திணிக்கப் பார்க்கின்றன. கேட்டு வாங்குவது லஞ்சம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மெமோக்களை நானே டைப் அடித்திருக்கிறேன். ஆனால் கேட்காமலே நீட்டியதை "வேணாம்மா, குழந்தைக்கு எதாவது வாங்கிக் கொடுங்க" என்று திருப்பிக் கொடுத்தவர்களும் அதே வார்டுகளில் இருக்கிறார்கள். வாங்கியவர் பிடிபட்டால் கோப்பு பிறக்கிறது. வாங்க மறுத்தவர் விஷயம் அந்த வராந்தாவோடு முடிந்துபோகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு சின்ன அட்டையைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் 104-ஐக் கூப்பிட்டுச் சொல்லட்டும். 104-ல் புகாருக்குப் பதிவு எண் தருவதுபோல் பாராட்டுக்கும் ஒரு எண் தரலாம்.

இது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவில் டெய்சி விருது என்று ஒன்று செவிலியர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. 1999-ல் பேட்ரிக் பார்ன்ஸ் என்ற 33 வயது இளைஞர் நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறால் இறந்துபோனார். மகனைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு எப்படியாவது நன்றி சொல்ல வேண்டும் என்று அந்தக் குடும்பம் தொடங்கியது அது. யாருக்குக் கொடுக்கலாம் என்று நோயாளிகளும் குடும்பத்தாரும் எழுதிப் போடலாம், கூட வேலை பார்ப்பவர்களும் எழுதலாம். விருது கொடுக்கும் அன்று அந்த இளைஞருக்குப் பிடித்த இலவங்கப்பட்டை ரொட்டியை வார்டில் எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். (நம் ஊருக்கு டீயும் பஜ்ஜியும் தாராளம்.) எனக்கு இதில் பிடித்தது, அந்த நன்றி பிழைத்துப் போனவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை என்பது. நோயாளியை இழந்த குடும்பமும் ஒரு செவிலியரை மறக்காமல் இருக்கும். நம் படிவமும் அவர்களுக்கு இடம் வைக்க வேண்டும். ஆனால் அதை அன்றைக்கே அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது, கொஞ்ச நாள் கழித்து போனில் கேட்கலாம்.

நோயாளி சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு சிக்கல் வரும் என்பதும் தெரியும். நோயாளியின் கண்ணில் படுபவர்கள் டாக்டரும் சிஸ்டரும் ஆயாவும்தான். ஆபரேஷன் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டு எடுப்பவரை எந்த நோயாளியும் பார்த்ததில்லை. அவர் ஒரு நாள் அசட்டையாக இருந்தால் ஒரு வார்டு முழுக்கப் புண் ஆறாது. மார்ச்சுவரியில் வேலை பார்ப்பவருக்கு யார் நன்றி அட்டை எழுதுவார்கள்? ஆக்சிஜன் பிளான்ட்டில் பிரஷரைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு? 2021-ல் கொரோனா இரண்டாவது அலை வந்தபோதுதான் அந்த ஆள் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. இவர்களுக்கு உடன் வேலை செய்பவர்கள்தான் எழுத முடியும். மேலதிகாரி மட்டும் எழுதினால் மறுபடி வராந்தாவில் தென்படும் முகங்கள்தான் வரும். சக ஊழியர் இரண்டு பேர், வேறு வேறு பிரிவிலிருந்து, பெயர் போட்டு எழுதித் தரட்டும்.

இனி எழுதப்போவது உங்களுக்கு அவ்வளவு சுகமாக இருக்காது. எங்கள் பட்டியலில் வர முடிந்தவர்கள் எல்லோரும் நிரந்தரப் பணியாளர்கள். ஆனால் இன்றைக்கு ஒரு வார்டைக் கூட்டித் துடைப்பவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், வாசலில் காவலுக்கு நிற்பவர் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். அவர்களுக்கு எங்கள் பிரிவில் பணிப்பதிவேடே கிடையாது, பிறகு எப்படிப் பரிந்துரைப்பது? எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் தேர்வாகித் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் செவிலியர்கள் 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது உங்கள் துறைக்கு மறந்திருக்காது. வீட்டுக்கே போய் பி.பி., சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. விருது கிடைத்தது, எல்லோருக்கும் சந்தோஷம். பி.பி. கருவியையும் மாத்திரைப் பையையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிய மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள்தான் அதைச் சம்பாதித்தார்கள். அவர்களும் ஊக்கத்தொகையில் ஓடுகிறவர்கள். எனவே பட்டியலுக்குத் தகுதி "மருத்துவமனையில் பணி செய்பவர்" என்று மட்டும் இருக்கட்டும், சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து போனாலும் சரி. ஒப்பந்தத் தொழிலாளி பாராட்டுப் பெற்றால், நிறுவனம் மாறினாலும் அவருடைய வேலை போகக் கூடாது என்று டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் சால்வை போர்த்திவிட்டதால் பணி நிரந்தரக் கோரிக்கை தீர்ந்துவிட்டது என்று மட்டும் தயவுசெய்து நினைத்துவிட வேண்டாம். அரசு டாக்டர்கள் தங்கள் ஊதியம் தொடர்பான 2009-ன் அரசாணை 354-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதனால்தான். சம்பளம் வேறு, பாராட்டு வேறு.

இன்னொரு எச்சரிக்கை. "36 மணி நேரம் வீட்டுக்கே போகாமல் பணியாற்றினார்" என்று ஒரு பரிந்துரை வந்தால், அதைப் பாராட்டுக் கோப்பில் வைப்பதற்கு முன்னால் அந்த வார்டில் எத்தனை இடம் காலி என்று கேளுங்கள். ஆள் பற்றாக்குறையை ஒருவரின் முதுகில் ஏற்றிவிட்டு அந்த முதுகுக்கே மாலை போடுவது நியாயமில்லை. எனக்கு விருதுக்குரியதாகத் தோன்றுவது இப்படிப்பட்டவை: பச்சைக் குழந்தைக்கு வந்த மருந்துச் சீட்டில் டோஸ் தப்பு என்று நிறுத்திக் கேட்ட பார்மசிஸ்ட், ஓ.பி. வரிசையில் மயங்கப் போகிறவரைக் கண்டு முன்னால் கூட்டிப்போன காவலாளி, எச்.ஐ.வி. நோயாளியின் விவரத்தை வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தாத ஊழியர். தினமும் நடப்பவை, ஆனால் யாரும் எழுதி வைக்காதவை.

ஏற்கெனவே உள்ள விருதுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது 1973 முதல் இருக்கிறது, ஆனால் நாடு முழுவதற்கும் சேர்த்துச் சிலருக்குத்தான். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய காயகல்ப் விருது சுத்தமான மருத்துவமனைக்கானது. அதன் பரிசுத் தொகையில் 25 சதவீதம் பணியாளர்களுக்கு ஊக்கத்தொகையாகப் போக வேண்டும் என்பது எனக்குப் பிடித்த விதி. ஜெயித்தது ஒரு குழு என்றால் பணமும் குழுவுக்குப் போகட்டும். நான் கேட்கும் பாராட்டுக்குப் பணம் வேண்டாம் என்றே சொல்வேன். பணம் வந்தால் பரிந்துரைக்கும் விலை வந்துவிடும். பதவி உயர்வுக்கு மதிப்பெண்ணும் வேண்டாம், சீனியாரிட்டி வழக்குகளைப் பார்த்தே நான் ஓய்ந்துபோனவள். 5 நாள் கூடுதல் விடுப்பு கொடுங்கள். நைட் டியூட்டி பார்ப்பவர்களைக் கேளுங்கள், அதைவிடப் பெரிய பரிசு இல்லை என்பார்கள்.

பெயர்களை ஓ.பி. ஹாலில் மாதம் ஒரு முறை எழுதிப் போடுங்கள். ஜி.எச். முன்னால் டாக்டர் ரங்காச்சாரி சிலையாக நிற்கிறார், தகுதியானவர்தான். ஸ்டான்லி என்ற பெயர் ஒரு கவர்னருடையது. அவர் யாருக்கும் கட்டுப் போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. நன்கொடையாளர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது, டீன்களுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. ஒரு லேப் டெக்னீசியனின் பெயருக்கு ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் போதும்.

ஆகஸ்ட் 15-க்கான சுற்றறிக்கையை இந்த முறை ஜூன் மாதமே அனுப்பினால், அட்டைகள் அச்சடித்து, 104-ல் சொல்லிவைத்து, ஒரு மாதம் பெயர்களைச் சேகரிக்க நேரம் இருக்கும். முதலில் சென்னையில் ஒரே ஒரு மருத்துவமனையில் செய்து பாருங்கள். படிவத்தின் வரைவு என்னிடம் இருக்கிறது, ஒரே பக்கம்தான். கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.