காஸ்டில்யாவை இப்படி எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு விளையாட்டு மலரில் ஸ்பெயின் கால்பந்துக் கிளப்பான ரியல் மாட்ரிட் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது, கடைசிப் பத்தி வரை. "பெரிய அணிக்குத் தேறாதவர்கள் காஸ்டில்யா என்ற பெயரில் பயிற்சி மைதானத்தில் பொழுதைக் கழிக்கிறார்கள்" என்று முடித்திருந்தீர்கள். காஸ்டில்யா என்பது ரியல் மாட்ரிட்டின் இரண்டாவது அணி, அதன் கிளை அணி. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல. 1980இல் ஸ்பெயினின் நாட்டுக் கோப்பையான கோபா டெல் ரே இறுதி ஆட்டத்தில் பெரிய அணியை எதிர்த்து நின்றது இந்தக் காஸ்டில்யாதான். வழியில் அத்லெடிக் பில்பாவோவையும், அந்த வருடம் லீக்கில் இரண்டாவதாக வந்த ரியல் சொசியடாடையும், ஸ்போர்ட்டிங் கிகோனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான், பெரிய அணியின் அரங்கமான பெர்னபாவுக்கு வந்தார்கள். இறுதியில் 6-1 என்று தோற்றார்கள், சரி. ஆனால் பெரிய அணி லீக்கையும் வென்று ஐரோப்பிய சாம்பியன்கள் போட்டிக்குப் போனதால், நாட்டுக் கோப்பை வென்ற அணிகள் ஆடும் ஐரோப்பியப் போட்டிக்கான வாய்ப்பு காஸ்டில்யாவுக்கு வந்தது. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாமை 3-1 என்று அடித்தார்கள். மறு ஆட்டத்தில், ரசிகர்களே இல்லாத வெஸ்ட் ஹாம் மைதானமான அப்டன் பார்க்கில் கூடுதல் நேரம் வரை தாக்குப்பிடித்து, அப்புறம்தான் 5-1 என்று விழுந்தார்கள். இதுவா பொழுதைக் கழிப்பது?

1983-84இல் இரண்டாம் பிரிவில் சாம்பியனே ஆனார்கள். தாய் அணி இருக்கும் பிரிவில் அதன் கிளை அணி ஆடக்கூடாது என்பது ஸ்பெயின் விதி. அதனால் மேலே போக முடியவில்லை. தேறாததால் அல்ல ஐயா, விடாததால். பூத்ரகேன்யோ, மிச்செல், சன்சீஸ், மார்ட்டீன் வாஸ்கெஸ், பர்தேசா என்ற ஐந்து பேரும் அந்தக் காஸ்டில்யாவில் வளர்ந்தவர்கள்தான். 1990க்குப் பிறகு கோபா டெல் ரேயிலும் கிளை அணிகளுக்கு இடமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். கதவை எல்லாம் அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவனைப் பார்த்து வரத் தெரியாதவன் என்பது நியாயமா?

மைதானத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2020இல் ரியல் மாட்ரிட் லீக் வென்றபோது "பயிற்சி மைதானத்தில் கிடைத்த கோப்பை" என்று தலைப்புப் போட்டீர்கள். படம் மட்டும் பெர்னபாவ். அப்போதே கடிதம் எழுதினேன். அதில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தைப் பாராட்டியிருந்த முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். நன்றி.

அது மாட்ரிட்டில் வால்டெபெபாஸ் என்ற இடத்திலுள்ள கிளப்பின் பயிற்சி வளாகத்தில் இருக்கும் அல்ஃபிரெடோ டி ஸ்டெஃபனோ அரங்கம், கிளப்பின் பழைய நட்சத்திரத்தின் பெயர் கொண்டது. காஸ்டில்யாவின் சொந்த மைதானம் அதுதான். ஏறக்குறைய 6,000 பேர் உட்காரலாம். 2006இல் அதைத் திறந்து வைக்க, 1956இன் முதல் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரே ஆடிய பிரான்சின் ரெய்ம்ஸ் அணியையே அழைத்திருந்தார்கள். கொரோனா காலத்தில் பெரிய அணி இங்கே வந்து, அந்தப் பருவத்தில் ஆடிய ஆறு லீக் ஆட்டங்களையும் வென்றது. மறு வருடம் ஐரோப்பாவின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு இங்கிலாந்தின் செல்சி வந்ததும் இங்கேதான்.

என் மகள் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறாள். அவளிடம் போயிருந்தபோது அங்கே ஒரு காஸ்டில்யா ஆட்டம் பார்த்தேன். விமான நிலையம் பக்கம்தான். சுற்றிலும் பையன்கள் பயிற்சி எடுக்கும் மைதானங்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒவ்வொரு பையனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பந்தைத் தவறவிட்டவனுக்கும் கை தட்டினார். வீடு என்றால் அதுதானே? அந்த வளாகத்துக்கு 2004இல் டி ஸ்டெஃபனோவுடன் சேர்ந்து அடிக்கல் வைத்த சிறுவன் கர்வகால். 2024இல் லண்டன் வெம்பிளியில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஜெர்மனியின் டார்ட்மண்டுக்கு எதிராகத் தலையால் முட்டி முதல் கோல் போட்டவனும் அவன்தான். அன்று கோப்பையைத் தூக்கிய கேப்டன் நாச்சோ. இருவருமே காஸ்டில்யா பிள்ளைகள். அந்த இறுதி ஆட்டத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கினீர்கள். காஸ்டில்யா என்று ஓரிடத்திலும் இல்லை.

நானும் இளவயதில் திண்டுக்கல்லில் ஒரு கிளப்பின் இரண்டாவது டீமில் ஆடியவன். பெரிய டீமில் ஆள் குறைந்தால் காலையில் சொல்லி அனுப்புவார்கள், பூட்ஸை எடுத்துக்கொண்டு ஓடுவோம். எங்களில் யாரும் பொழுதைக் கழிக்கப் போகவில்லை. ஐபிஎல் ஏலத்தில் விலை போகாதவர்களின் பட்டியலுக்கு அரைப் பக்கம் தருகிறீர்கள். ஸ்பெயினின் மூன்றாம் பிரிவில் வாரா வாரம் ஆடுகிற பையன்களுக்கு அரை வரி கிடையாது.

திங்கட்கிழமை முடிவுகள் கட்டத்தில் ரியல் மாட்ரிட்டுக்குக் கீழே காஸ்டில்யாவின் ஆட்ட முடிவையும் ஒரு வரி போடுங்கள். எந்த மைதானம் என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்.