கத்தி வரை காட்டிவிட்டு நிறுத்தினால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமை சினிமா பக்கத்தில், தெருச் சண்டைப் படங்களால்தான் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று ஒரு கட்டுரை வந்தது. அதில் போகிற போக்கில் 'தி அவுட்சைடர்ஸ்' என்கிற அமெரிக்கப் படத்தையும் ரவுடிப் படம் என்று சேர்த்துவிட்டார்கள். உங்கள் பத்திரிகையை இங்கே யாங்கோனில் நான் போனில்தான் படிக்கிறேன், அதுவும் கரண்ட் இருக்கிற நேரத்தில், அதனால் பதில் கொஞ்சம் தாமதம். ஆனாலும் எழுதாமல் விட மனசு வரவில்லை, ஏனென்றால் அதே படத்தை வைத்து இங்கே எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கிறது.

நான் வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன். யாங்கோன் நகர மையத்தில் தெருக்களை மேல் பிளாக், நடு பிளாக், கீழ் பிளாக் என்று பிரித்துச் சொல்வோம். ஒரே தெரு, ஒரே நம்பர், ஆனால் நடுவில் ஒரு பெரிய ரோடு குறுக்கே போய்விட்டால் போதும், அந்தப் பக்கத்துப் பையன் வேற்று நாட்டான். நானும் சின்ன வயதில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ் பிளாக்காரனை அடிக்கப் போனவன்தான், எதற்கு என்று இப்போது யோசித்தால் ஒரு பந்துக்காக. பர்மாக்காரர்கள் இந்த மாதிரிப் பையன்களை 'லான் தயே' என்பார்கள், தெருப் பேய் என்று அர்த்தம். என் வகுப்பிலேயே இரண்டு பிளாக் பையன்கள் முறைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்ததும், திட்டுவதைவிட ஒரு படம் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன்.

நாங்கள் வழக்கமாகக் கூடுகிற மண்டபத்தில் படம் ஓடியது. பூங்காவில் பணக்காரப் பையன்கள் போனிபாய் என்கிற ஏழைப் பையனின் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்குகிறார்கள், அவன் நண்பன் ஜானி கத்தியை எடுக்கிறான், பணக்காரப் பையன்களில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று புரொஜெக்டரை அணைத்துவிட்டார். படத்தில் பாதிகூட ஆகவில்லை. கெட்டது அத்தனையையும் பையன்கள் பார்த்துவிட்டார்கள், அதற்கு என்ன விலை என்பதை மட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஒருவன் இன்னொருவன் வயிற்றில் சீப்பால் குத்தி விளையாடிக்கொண்டு போனான், அதுதான் அன்றைய பாடம்.

அணைத்த இடத்துக்கு அப்புறம்தான் படமே இருக்கிறது. ஓடிப்போன இரண்டு பையன்களும் ஒரு பாழடைந்த சர்ச்சில் ஒளிந்துகொண்டு தலைமுடியை வெட்டிக்கொள்கிறார்கள், புத்தகம் படிக்கிறார்கள், விடியலைப் பார்த்து எட்டே வரிக் கவிதை ஒன்றைச் சொல்கிறான் போனிபாய். அந்த சர்ச் தீப்பிடித்து எரியும்போது உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தைகளைக் காப்பாற்ற ஓடுவதும் இதே 'ரவுடி'கள்தான். ஜானி முதுகெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அப்புறம் ராத்திரியில், கொட்டுகிற மழையில், சேற்றில் புரண்டு பணக்காரக் கூட்டமும் ஏழைக் கூட்டமும் மோதுகின்றன, நம் ஏழைப் பையன்கள் ஜெயிக்கிறார்கள். ஜெயித்த சேதியைச் சொல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஜானிக்கு அது ஒன்றுமே இல்லை. சண்டை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை என்கிறான், சாகிறான். அதைத் தாங்க முடியாமல் அவர்கள் கூட்டாளி டாலி ஒரு கடையில் கொள்ளையடித்துவிட்டு, குண்டே இல்லாத துப்பாக்கியை நீட்டிப் போலீஸ் கையால் சாகிறான். இதைப் பார்த்துவிட்டு எந்தப் பையனுக்கு ரவுடி ஆக ஆசை வரும்?

இன்னொன்று, அந்த ஏழைப் பையன்களுக்கு 'கிரீசர்' என்று பெயர் வந்ததே தலையில் பளபளவென்று எண்ணெய் தடவுவதால்தான். எண்ணெய் வைத்தவன் எல்லாம் பொறுக்கி என்றால் எங்கள் வகுப்பில் ஒருத்தன் மிஞ்ச மாட்டான், அவரவர் அம்மாதான் முதல் குற்றவாளி.

கட்டுரை எழுதியவர் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்திருக்கலாம். எஸ். இ. ஹின்டன் என்கிற பெண், ஓக்லஹோமாவில் டல்சா ஊரில் பள்ளிக்கூடம் படிக்கும்போதே எழுத ஆரம்பித்த நாவல் இது. 1967-ல் புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது 18. ஊரில் இப்படிப்பட்ட இரண்டு கூட்டங்களையும் கிட்டத்தில் பார்த்து எழுதியவர். அதைப் படமாக எடுக்கச் சொல்லி இயக்குநர் கொப்போலாவுக்குக் கடிதம் போட்டது யார் தெரியுமா? கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் ஒரு பள்ளிக்கூட நூலகரும் அங்கே படித்த பிள்ளைகளும். 'காட்ஃபாதர்' எடுத்த மனிதர் அந்தப் பிள்ளைகளின் கடிதத்தை மதித்து டல்சாவிலேயே போய் எடுத்தார், 1983-ல் படம் வெளிவந்தது, அந்தப் பள்ளிக்கூடத்துக்கே படத்தைக் காணிக்கையும் ஆக்கினார். பிள்ளைகளே கேட்டு வாங்கிய படத்தைத்தான் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்கிறீர்கள்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. பல இடங்களில் இசை ஓவர், அந்தி வானம் காலண்டர் படம் மாதிரி இருக்கிறது. அப்பா அம்மா இறந்துவிட்ட வீட்டில் போனிபாயின் 20 வயது அண்ணன் தம்பிகளை வளர்க்கிற பாடு முதலில் வந்த பதிப்பில் அவசரமாகப் போய்விடுகிறது, 2005-ல் 22 நிமிடம் சேர்த்து விட்டதில்தான் அது சரியாக நிற்கிறது. அந்த அண்ணன் ஒரு ராத்திரி கோபத்தில் போனிபாயைத் தள்ளிவிடப் போய்த்தான் அவன் பூங்காவுக்கே ஓடுகிறான். வீட்டில் கை நீட்டுகிற நம் ஆட்களுக்குத்தான் முதலில் இதைப் போட்டுக் காட்ட வேண்டும், அந்தப் பெரியவருக்கும் சேர்த்து.

போன சனிக்கிழமை கீழ் பிளாக் பையன் ஒருத்தன் வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்று, "சார், அந்த ஜானி மாட்டிக்கிட்டானா?" என்று கேட்டான். பின்னாலேயே மேல் பிளாக் பையன் ஒருத்தனும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான். நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் என் வீட்டு மொட்டை மாடியில் முதலிலிருந்து போடப்போகிறேன். பழைய ஒன்றரை மணி நேரப் பதிப்புதான், ஏனென்றால் என் பேட்டரி அதற்கு மேல் தாங்காது.

இப்படிக்கு,
தமிழ் வகுப்பு ஆசிரியர்,
யாங்கோன்.