கொலை பண்ணது யாருன்னு நீங்களே சொல்லிட்டா எப்படி சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, பழிவாங்குற கொலைக் கதைன்னா நாம ஏன் கீழ வைக்காம படிக்கிறோம்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, எழுதினவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு, ஆனா மூணாவது பத்தியிலயே அகதா கிறிஸ்டியோட ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் நாவல்ல கொலை பண்ணது யாருன்னு போட்டு உடைச்சுட்டாரே, அதுக்குத்தான் இந்த லெட்டர். 1934ல வந்த புக்கு, 1974லயும் 2017லயும் படமா வேற வந்தாச்சு, இன்னுமா தெரியாம இருப்பாங்கன்னு கேப்பீங்க. இருக்காங்க சார். என் பொண்ணு, காலேஜ் செகண்ட் இயர், இப்பதான் பாதி தாண்டியிருக்கா.

எனக்கு இதுல பழைய வயித்தெரிச்சல் ஒண்ணு உண்டு. பாளையங்கோட்டையில எங்க தெரு முனையில ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்துச்சு, மாசச் சந்தா, எல்லாப் புக்குக்கும் காக்கி அட்டை போட்டு நம்பர் எழுதியிருக்கும். அங்க எடுத்த ஒரு மாத நாவல்ல இருபதாவது பக்கத்துலயே ஒரு பேரைச் சுத்தி பென்சில்ல வட்டம் போட்டு ‘இவன்தான்’னு எவனோ ஒரு புண்ணியவான் எழுதி வெச்சிருந்தான். மிச்ச நூறு பக்கமும் அந்தாள் எப்ப மாட்டுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேனே தவிர கதையா ஒண்ணும் மண்டையில ஏறல.

ஓரியண்ட் எக்ஸ்பிரஸை மட்டும் யாரும் கெடுக்கறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன், அதுவும் நெல்லை எக்ஸ்பிரஸ்ல, அப்பர் பெர்த்துல. மதுரை தாண்டினதும் கீழ இருந்த பெரியவர் லைட்டை அணைம்மான்னு சொல்லிட்டார், அப்புறம் போர்வைக்குள்ள பட்டன் போன் வெளிச்சம்தான். அது அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைஞ்சுடும், ஒரு பட்டனை அமுக்கிக்கிட்டே படிக்கணும். கதையில ட்ரெயின் யூகோஸ்லாவியாவுல பனியில மாட்டி நிக்குது, உள்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டின கம்பார்ட்மெண்ட்ல ஒருத்தன் செத்துக் கிடக்கான், உடம்புல 12 குத்து, சிலது ஆழமா, சிலது கீறல் மாதிரி. அந்த நேரம் பாத்து எங்க வண்டியும் எங்கயோ சிக்னலுக்கு நின்னுடுச்சு பாருங்க, கீழ இறங்கி பாத்ரூம் போகக்கூட எனக்கு தைரியம் வரல.

செத்தவன் யாருன்னு சீக்கிரமே தெரிஞ்சுடும், அதனால இதைச் சொல்லலாம். ஒரு சின்னக் குழந்தையை கடத்தி, பணத்தையும் வாங்கிக்கிட்டு, குழந்தையைக் கொன்னுட்டு, கோர்ட்டுல ஏதோ ஒரு ஓட்டையில தப்பிச்சு, பேரை மாத்திக்கிட்டு சொகுசா சுத்துறவன். இதைப் படிச்ச உடனே எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா, குத்தினவன் மாட்டக் கூடாது கடவுளேன்னு தோணுச்சு. எறும்பை மிதிச்சாலே ஐயோங்கற ஆளு நான். குத்தினது யாரு, எத்தனை பேரு, எதுக்கு, ஒண்ணுமே தெரியாம நான் கட்சி சேந்துட்டேன். கிறிஸ்டி அம்மாவோட சாமர்த்தியமே அதுதான். கடைசியில விஷயம் தெரியும்போது நாமளும் கூட்டாளி, இனிமே கழண்டுக்க முடியாது. முடிவை முன்னாடியே சொல்லிட்டா நாம வெளிய நின்னு நியாயம் பேசிட்டுப் போயிடுவோம், அவ்வளவுதான்.

உங்க கட்டுரையாளர் இதையெல்லாம் நமக்குள்ள இருக்குற வன்முறை ஆசைன்னு ஒரே வரியில முடிச்சுட்டார், அது எனக்கு ஒத்துக்கல. நாவல்ல வர்ற அந்தக் கடத்தல் ஒண்ணும் வானத்துலருந்து குதிக்கல, நிஜத்துல நடந்த ஒண்ணுலருந்து வந்தது. அட்லாண்டிக்கை 1927ல தனியா விமானத்துல கடந்த லிண்ட்பெர்க்கோட குழந்தையை, 20 மாசக் குழந்தை சார், 1932 மார்ச் 1ஆம் தேதி ராத்திரி மாடி ஜன்னலுக்கு ஏணி வெச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. 50,000 டாலர் குடுத்தும் குழந்தை வரல, மே மாசம் வீட்டுக்குப் பக்கத்துலயே பிணமாத்தான் கிடைச்சுது. லிண்ட்பெர்க்கோட மாமியார் வீட்டுல வேலை பாத்த ஒரு பொண்ணு, போலீஸ் விசாரணைக்கு மேல விசாரணைன்னு போட்டுத் துளைச்சதுல விஷம் குடிச்சு செத்துப்போச்சு, அப்புறம்தான் அதுக்கு இதுல சம்பந்தமே இல்லன்னாங்க. நாவல் வந்தது 1934 ஜனவரி. அந்தக் கேஸ்ல ஒருத்தனைப் பிடிச்சதே அந்த வருஷம் செப்டம்பர்லதான். அப்ப முதல்ல படிச்சவங்க எல்லாம், நிஜத்துல ஒருத்தனும் பிடிபடாத கோவத்தோடதான படிச்சிருப்பாங்க? அதை ரத்த ஆசைன்னு சொல்றது எனக்கு என்னமோ சரியாப் படல.

முடிவு தெரிஞ்சா என்ன, பாரதத்துல துச்சாதனன் சாவான்னு தெரிஞ்சேதான விடிய விடிய கூத்து பாக்கறோம்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். நல்ல கேள்விதான், ரெண்டு நாள் யோசிச்சேன். கூத்துல அநியாயம் முதல்ல நடக்குது, பாஞ்சாலி நம்ம கண்ணு முன்னாடியே தலையை விரிச்சுப் போட்டு சபதம் பண்றா, ரத்தம் அப்புறம் வருது, எப்ப வரும்னு உக்காந்திருக்கோம். டூமா எழுதின பிரெஞ்சு நாவல் மாண்டி கிறிஸ்டோவும் அப்படித்தான், அது உங்களை மாதிரி ஒரு பேப்பர்லதான் 1844லருந்து தொடரா வந்துச்சு, 14 வருஷம் ஜெயில்ல கிடந்தவன் ஒவ்வொருத்தனா கணக்குத் தீக்கறதைப் பாக்கறதே சுகம். ஆனா துப்பறியும் கதையில எல்லாம் தலைகீழ். பிணம் முதல்ல, சபதம் கடைசியில. அந்தச் சபதத்தைப் போய் மூணாவது பத்தியில எடுத்து வெச்சா?

சண்டை போடறதுக்கு எழுதல சார். கட்டுரைக்கு மேல ‘கதை முடிவு சொல்லப்பட்டிருக்கு’ன்னு பொடி எழுத்துல ஒரு வரி, அவ்வளவு போதும். இந்த லெட்டரைப் போட்டா பதில்னு கீழ மறுபடி அந்த முடிவை எழுதிடாதீங்க, புண்ணியமாப் போகும். பொண்ணுக்கு இன்னும் நூறு பக்கம் பாக்கி இருக்கு. ஞாயிறு இணைப்பு எங்கம்மான்னு ரெண்டு தடவை கேட்டுட்டா, பழைய பேப்பர்காரன் வாங்கிட்டுப் போயிட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன். அது அரிசி டிரம்முக்கு அடியில இருக்கு.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகி