12 ஜிபி என்று எழுதிக் கொடுத்து 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு மாட்டியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வெள்ளிக் கொலுசுப் பட்டறை உரிமையாளர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
கம்ப்யூட்டர் விற்பனை நிறுவனத் தலைமை அலுவலகம்.

ஐயா,

வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன்பு உங்கள் சேலம் கிளையில் விமான சிமுலேட்டர் (கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் கேம்) ஓட்டுவதற்காகவே ஒரு கம்ப்யூட்டர் சொல்லிச் செய்து வாங்கினேன். அதில் திரைக்குப் படம் போட்டுத் தரும் கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் ரூ. 28,500 கொடுத்தேன். அந்தக் கார்டு நான் கேட்டதும் இல்லை, நீங்கள் கொட்டேஷனில் எழுதியதும் இல்லை. கிளையில் மூன்று முறை சொல்லியும் வேலை ஆகாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கொலுசுப் பட்டறைக்காரருக்கு விமானம் எதற்கு என்று உங்கள் கிளையில் கேட்டார்கள். வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள். 2018 மார்ச்சில் சேலத்திலிருந்து சென்னைக்கு விமானம் விட்டபோது ஒரு முறை போய் வந்தேன். ஏடிஆர் விமானம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலில் கீழே பார்க்க எதுவும் மறைக்காது. விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் மேலே ஏறியதும் சேர்வராயன் மலை முழுசாகத் தெரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு சுற்றி ஏற்காடு ஏறுகிறவனுக்கு அந்த மலையை ஒரே பார்வையில் பார்த்தது பெரிய விஷயம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். நடுவில் அந்தச் சேவை நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் வந்தது. அந்த இடைவெளியில் பழைய கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் பழகிக்கொண்டேன்.

புதியது வாங்க வந்தபோது என்ன வேண்டும் என்று தெளிவாகத்தான் சொன்னேன். மூன்று மானிட்டர், மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024, கார்டில் 12 ஜிபி மெமரி. உங்கள் விற்பனையாளர் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கார்டுதான் புதுசு, அதுதான் வேகம் என்றார். அதில் 8 ஜிபிதான் வருகிறது, எனக்கு வேண்டாம் என்றேன். சண்டை போடும் கேம் ஆடுகிறவருக்கு வேகம் முக்கியமாக இருக்கலாம். விமானம் ஓட்டும்போது கீழே ஊர் முழுக்கப் படமாக வந்துகொண்டே இருக்கும், காக்பிட்டில் ஒவ்வொரு மீட்டரும் தனிப் படம், மூன்று திரைக்கும் சேர்த்து அத்தனையும் கார்டின் மெமரியில்தான் உட்கார வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் சரி, இடம்தான் வேண்டும் என்று சொல்லி, அதற்கு முந்தைய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டைக் கேட்டேன். கொட்டேஷனில் ‘3060, 12 ஜிபி’ என்று அவரே கைப்பட எழுதினார். நகல் இணைத்திருக்கிறேன்.

பில்லில் ‘ஆர்டிஎக்ஸ் 3060’ என்று மட்டும் இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை, அது என் தப்பு. கார்டின் டப்பாவைக் கேட்டதற்கு, உள்ளே மாட்டிவிட்டோம், டப்பா எதற்கு சார், வீட்டில் இடத்தை அடைக்கும் என்றார்கள்.

முதல் வாரமே கோளாறு தெரிந்தது. மேட்டூர் அணை வரை ஒரு சுற்றுப் போய்விட்டு, வடகிழக்கே வந்து வளைந்து சேலத்தின் 22-ஆம் ரன்வேயில் இறங்குவது என் வழக்கம். மலை இடப்பக்கம் இருக்கும். உயரம் 500 அடிக்கு வரும்போது படம் அப்படியே நின்றுவிடும். ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். மறுபடி அசையும்போது மூக்கு ரன்வேயை விட்டு விலகியிருக்கும். பத்து முறை இறங்கினால் ஏழு முறை இதே கதை.

போன் செய்தேன். டிரைவர் அப்டேட் பண்ணுங்கள் என்றார்கள், பண்ணினேன். அப்புறம் ஒரு தம்பி வந்து விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். ஜாய்ஸ்டிக்கில் ஒவ்வொரு பட்டனுக்கும் நான் உட்கார்ந்து வைத்திருந்த செட்டிங் எல்லாம் அதோடு போனது. மூன்றாவது முறை, ப்ராசசர் பத்தவில்லை, மாற்ற வேண்டும் என்றார்கள்.

இந்த சிமுலேட்டருக்கு ப்ராசசர் நிறைய வேலை செய்ய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எது பத்தாமல் படம் நிற்கிறது என்று பார்க்க அந்த சிமுலேட்டரிலேயே வழி இருக்கிறது. டெவலப்பர் மோட் என்ற செட்டிங்கைப் போட்டால் திரை ஓரத்தில் காட்டும். பார்த்தேன். படம் நிற்கிற ஒவ்வொரு முறையும் கார்டின் மெமரி நிரம்பி வழிந்தது. டெக்ஸ்சரை, அதாவது படங்களின் நுணுக்கத்தை, அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கினேன். ப்ராசசர் அதேதான், ஆனால் படம் நிற்பது ஓய்ந்துவிட்டது. சந்தேகம் வந்து விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், கார்டின் மெமரி 8 ஜிபி என்று போட்டிருக்கிறது.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. 2021-ல் வந்த 3060-ல் 12 ஜிபி. 2022 கடைசியில் அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றையும் விட்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் வெள்ளியின் சுத்தத்தை டச் என்போம். இரண்டு கொலுசு, ஒரே டிசைன், ஒரே எடை, ஒரே பளபளப்பு. ஒன்று 80 டச், இன்னொன்று 60. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, உருக்கினால் தெரியும். 80 என்று சொல்லி 60-ஐக் கொடுத்தவன் செவ்வாய்பேட்டையில் மறுபடி கடை திறக்க முடியாது.

இதைக் கிளையில் சொன்னதற்கு, இரண்டும் 3060தானே சார், 8 ஜிபி போதும் என்று கேம் கம்பெனியே சொல்கிறது என்றார் கிளை மேலாளர். எந்தக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று அந்தக் கம்பெனி போட்ட பட்டியலில் பரிந்துரைக்கும் அளவு 8 ஜிபிதான், மறுக்கவில்லை. அதே பட்டியலில் உயர்ந்த அளவு என்று 12 இருக்கிறது. அதற்குத்தான் பணம் கொடுத்தேன். தவிர, குறைந்தது இடம் மட்டுமில்லை. 12 ஜிபி கார்டில் ஆறு மெமரி சிப் இருக்கும், இதில் நான்கு. மெமரிக்குப் போய்வரும் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகுகிறது. நொடிக்கு 360 ஜிபி போக வேண்டிய இடத்தில் 240 தான் போகும். ஆறு ஆள் உட்கார்ந்து சங்கிலி கோர்க்க வேண்டிய பட்டறையில் நாலு ஆளை உட்கார வைத்துவிட்டு, பட்டறை பெயர் ஒன்றுதானே என்று சொல்வது போல இருக்கிறது.

வீட்டுக்கு வந்த சர்வீஸ் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. சொன்ன வேலையைச் செய்தார். இந்தக் கடிதத்துக்காக அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இந்தக் கார்டை எடுத்துக்கொண்டு, கொட்டேஷனில் உள்ளபடி புதிய 12 ஜிபி கார்டை உங்கள் ஆளே வந்து மாட்டித் தர வேண்டும். அது ஸ்டாக் இல்லை என்றால் ரூ. 28,500-ஐ முழுசாகத் திருப்பித் தாருங்கள். கிரெடிட் நோட்டு வேண்டாம். புது பில்லில் ‘12 ஜிபி’ என்று எழுதி, டப்பாவையும் கையில் கொடுக்க வேண்டும்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். டாஸ்க் மேனேஜர் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், இத்துடன் அதுவும் இருக்கிறது.

ஆள் அனுப்புவதானால் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்புங்கள். பகலில் பட்டறையில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கொட்டேஷன் நகல், பில் நகல், திரைப் படம்.