பாங்காக்கின் தாய்லாந்து மொழிப் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாய்லாந்தின் தலைநகரான பாங்காக், 2022ஆம் ஆண்டில் ‘குருங் தேப் மகா நகோன்’ எனப் பெயர் மாற்றப்பட்டது என்றும், அதன் பொருள் ‘தேவதைகளின் நகரம்’ என்றும் தமிழ் இதழ்கள் பலவும் எழுதி வருகின்றன. இரண்டு கூற்றுகளுமே திருத்தப்பட வேண்டியவை.

அவ்வாண்டு பிப்ரவரியில் அந்நாட்டு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது, அலுவல் ஆவணங்களில் தலைநகரின் பெயரைப் பிறமொழியாளருக்காக எழுதும் முறைக்கு மட்டுமே. குருங் தேப் மகா நகோன் என்பது முன்னும், பாங்காக் என்பது அடைப்புக்குறிக்குள்ளும் வரும்; பாங்காக் என்று எழுதுவதற்குத் தடை ஏதும் இல்லை. தாய்லாந்து மக்களோ நெடுங்காலமாகக் குருங் தேப் என்றே தங்கள் தலைநகரை அழைத்து வருகின்றனர்.

1782இல் முதலாம் ராமா மன்னர், சாவோ பிரயா ஆற்றின் மேற்கிலிருந்த தொன்புரியை விட்டுக் கிழக்குக் கரையில் புதிய தலைநகரை நிறுவினார். அதற்குச் சூட்டப்பட்ட நீண்ட சடங்குப் பெயரில் ஒரு சொல்லைப் பின்னர் நான்காம் ராமா மாற்றினார். ஆங்கில எழுத்தில் 168 எழுத்துகள் வரும் அப்பெயர் உலகின் மிக நீண்ட இடப்பெயர் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றுள்ளது. நீளத்தை வியப்பவர்கள் அதன் உள்ளடக்கத்தைக் கவனிப்பதில்லை என்பதுதான் என் குறை. ‘குருங்’ என்பது கம்போடியாவின் கெமர் மொழி வழியாக வந்த, தலைநகரைக் குறிக்கும் சொல். ‘தேப்’ நம் தேவன். ‘மகா நகோன்’ மாநகரம். தொடர்ந்து வரும் ‘ரத்தனகோசின்’ என்பதில் ரத்தினமும் இந்திரனும் உள்ளனர். அந்த ரத்தினம், அந்நகரில் உள்ள புனிதச் சிலையான மரகத புத்தரைக் குறிக்கிறது. அழிந்துபட்ட பழைய தலைநகரான அயுத்தயாவின் பெயரும், அதனுள் நம் அயோத்தியும் உண்டு. இந்திரன் அருள, விசுவகர்மா எழுப்பிய நகரம் என்று பெயர் முடிகிறது.

ஆகவே இது தேவர்களின் நகரம். ஆங்கிலத்தில் ‘ஏஞ்சல்ஸ்’ என்றாகிச் சிறகு முளைத்த தேவர்களைத் தமிழில் ‘தேவதைகள்’ ஆக்கிவிட்டோம். வடசொல்லை நேரே அறிந்த நமக்கு இந்தச் சுற்றுவழி எதற்கு?

பாங்காக் என்பதோ தலைநகருக்கும் முந்தைய ஆற்றங்கரை ஊரின் பெயர். ‘பாங்’ என்றால் நீர்க்கரை ஊர். பின்பகுதி ‘மகோக்’ என்னும் புளிப்புக் காய் மரத்தைக் குறிக்கும் என்பதே பரவலான விளக்கம். இன்றைய அருணன் கோயிலின் பழைய பெயர் வாட் மகோக் என்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. அயல்நாட்டார் நாவில் நிலைத்த அப்பெயரைத் தமிழில் தொடர்ந்து எழுதுவதில் பிழையில்லை. தாய்லாந்து மொழிப் பெயருக்குப் பொருள் தரும் இடங்களில் மட்டும், ‘தேவர்களின் மாநகரம்’ என்று அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்